சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறுகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள்: ஒரு வாசகருக்கு மருத்துவரின் பதில்

வாசகரின் கடிதம்

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட இந்த வாசகருக்கு வயது 43. 22 ஆண்டுகளாக நாளொன்றுக்குச் சுமார் 15 சிகரெட் பிடித்து வந்திருக்கிறார். காலையில் கண் விழித்த பத்து நிமிடத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்ற வைப்பது அவர் வழக்கம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். சென்ற ஆண்டு நிகோடின் சூயிங்கம் முயன்று, விக்கலும் நெஞ்செரிச்சலும் தாங்காமல் நான்கே நாட்களில் விட்டுவிட்டார். இரண்டு மாதங்களுக்கு முன்பு, புது வேப்பிங் கருவி (நிகோடின் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்க வைக்கும் இ-சிகரெட்) வாங்கிய நண்பர் ஒருவர், தன் பழைய கருவியை இவருக்குக் கொடுத்திருக்கிறார். நிறையப் புகைமண்டலம் எழுப்பும் பெரிய கருவி அது.

“நிகோடின்தானே விஷம்” என்று எண்ணி, மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் நிகோடின் உள்ள திரவத்தில் தொடங்கியிருக்கிறார். நாள் முழுக்க இழுத்தும் தவிப்பு தீரவில்லை. அதே நண்பர் பிறகு 50 மில்லிகிராம் அளவுள்ள திரவத்தைக் கொடுக்க, அதையும் அதே கருவியில் நிரப்பி இழுத்திருக்கிறார். தலைசுற்றல், குமட்டல், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு எல்லாம் வந்து பயந்துபோய், பாதியில் நிறுத்திவிட்டார். இப்போது மீண்டும் 3 மில்லிகிராம் திரவத்தோடு, சாப்பாட்டுக்குப் பிறகும் காலையிலுமாக ஐந்து சிகரெட்டும் தொடர்கின்றன. இருமல் நிற்கவில்லை. இழுக்கும்போது தீய்ந்த பஞ்சின் சுவை வருகிறது. இரவில் தூக்கமில்லை. ஆறு வயதுப் பெண் குழந்தை இருக்கும் வீட்டில் திரவப் பாட்டிலைக் கட்டிலருகே வைத்திருப்பதாக எழுதியிருக்கிறார்.

அவருடைய கேள்விகள் இவை: “என் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறதா? பதினைந்து ஐந்தாகக் குறைந்ததே மூன்றில் இரண்டு பங்கு ஆபத்தைக் குறைத்துவிட்டதாகக் கொள்ளலாமா? உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சிகரெட்டுக்கே திரும்பிவிடலாமா? அடுத்த மாதம் வெளிநாட்டுப் பயணம் இருக்கிறது. கருவியை உடன் எடுத்துச் செல்லலாமா?”

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: சிகரெட்டுக்குத் திரும்பாதீர்கள். நீங்கள் பட்ட அவதிகளில் பெரும்பாலானவை கருவியையும் திரவத்தையும் தவறாகத் தேர்ந்ததாலும், இழுக்கும் முறை பிடிபடாததாலும் வந்தவை; அவற்றைச் சரிசெய்ய முடியும். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இரத்த அழுத்தம் உள்ள 43 வயதுக்காரருக்குப் படபடப்பு வந்தால், அதை வேப்பின் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருப்பது சரியன்று. இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பார்த்து, இரத்த அழுத்தத்தை அளந்து, ஒரு ஈசிஜியும் எடுத்துக்கொள்ளுங்கள். படபடப்போடு நெஞ்சில் அழுத்தமோ, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலியோ, மயக்கமோ வந்தால் முன்பதிவுக்கெல்லாம் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது முறை. வேப்பைத் தொடுவதற்கு முன்பு நீங்கள் எனக்கு எழுதியிருந்தால், நான் முதலில் அதைச் சொல்லியிருக்க மாட்டேன். தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச், நிகோடின் சூயிங்கம், வரெனிக்ளின், சைட்டிசின், புப்ரோபியான் ஆகிய மருந்துகளோடு ஆலோசனையும் சேர்ந்த சிகிச்சையையே உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலில் பரிந்துரைத்திருக்கிறது. இ-சிகரெட்டை அந்தப் பட்டியலில் அது சேர்க்கவில்லை. பிரிட்டனின் மருத்துவ அமைப்புகளோ, புகைப்பவர்கள் அதிலிருந்து விடுபட வேப்பிங் பயன்படும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் ஒன்று உண்டு. ஒருபோதும் புகைக்காதவர்களும் இளையோரும் வேப்பைத் தொடவே கூடாது. அதேசமயம், எரியும் சிகரெட்டைவிடக் கேடு மிகுந்த நிகோடின் பொருள் வேறில்லை. நீங்கள் ஏற்கெனவே தொடங்கிவிட்டவர் என்பதால், உங்கள் நிலையிலிருந்தே பேசுகிறேன்.

நிகோடினைக் குற்றவாளியாக்கியது முதல் தவறு

மாறுகிறவர்களில் பெரும்பாலோர் செய்கிற பிழையைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள். சிகரெட்டில் நம்மை அடிமைப்படுத்துவது நிகோடின். நம்மைக் கொல்வது பெரும்பாலும் புகை. புகையிலை எரியும்போது ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் பிறக்கின்றன. அவற்றில் 70-க்குக் குறையாதவை புற்றுநோயைத் தூண்டுபவை. தார் நுரையீரலில் படிகிறது. கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நிகோடின் ஒன்றும் அறியாத அப்பாவி என்று நான் சொல்ல வரவில்லை. அது இதயத் துடிப்பைக் கூட்டும். இரத்த அழுத்தத்தை ஏற்றும். கருவுற்ற பெண்களுக்கும் வளரும் மூளைக்கும் கேடு செய்யும். ஆனால் நுரையீரல் புற்றுநோய்க்கும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கும் முதன்மைக் காரணம் அதுவன்று.

இதைப் புரிந்துகொள்ளாமல் நிகோடினை ஒரேயடியாகக் குறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு உங்கள் இரண்டு மாதங்களே சான்று. விழித்த பத்து நிமிடத்துக்குள் சிகரெட் தேவைப்படுவது கடுமையான நிகோடின் சார்பின் அடையாளம். அரை மணி நேரத்துக்குள் தேவைப்பட்டாலே நாங்கள் அப்படித்தான் கணிக்கிறோம். ஒரு சிகரெட்டிலிருந்து உடலில் சேரும் நிகோடின் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மில்லிகிராம். பதினைந்து சிகரெட்டுக்குப் பழகிய மூளை, தனக்கு வேண்டிய அளவு வந்து சேரும்வரை உங்களை விடாது. எரிச்சல், பதற்றம், கவனச் சிதறல், ஓயாத பசி, எதிலும் மனம் ஒட்டாமை என்று அது பல வழிகளில் கேட்டுக்கொண்டே இருக்கும். கடைசியில் நீங்கள் சாப்பாட்டுக்குப் பின் அந்தச் சிகரெட்டை எடுக்கிறீர்கள். அதை மனவலிமைக் குறைவு என்று கடிதத்தில் நான்கு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படி எண்ண வேண்டாம். போதாத மருந்தளவில் நோய் திரும்புவது நோயாளியின் குற்றமாகாது.

கருவியும் திரவமும் பொருந்தவில்லை

வேப்பிங் கருவிகள் பல வடிவங்களில் கிடைத்தாலும், இழுக்கும் முறையை வைத்து அவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். முதல் வகையில், சிகரெட்டைப் போலவே ஆவியை முதலில் வாய்க்குள் வாங்கி, பிறகு நுரையீரலுக்குள் இழுக்க வேண்டும். பாட் எனப்படும் சிறிய கருவிகள் பெரும்பாலும் இவ்வகை. இவற்றின் காற்றுத் துளை சிறியது. திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளான காயிலின் மின்தடை பொதுவாக ஒரு ஓமுக்கு அருகிலோ அதற்கு மேலோ இருக்கும். ஒவ்வொரு இழுப்பிலும் வெளிவரும் ஆவி குறைவு. ஆவி குறைவாக இருப்பதால்தான் திரவத்தில் நிகோடின் அடர்த்தி கூடுதலாக இருக்க வேண்டியிருக்கிறது. இரண்டாம் வகையில், மூச்சை உள்வாங்குவதுபோல ஆவியை நேராக நுரையீரலுக்குள் இழுப்பார்கள். இதில் மின்தடை ஒரு ஓமுக்குக் கீழே இருக்கும், சக்தி அதிகம், ஆவி மண்டலம் பெரிது. அதனால் இதற்கு 3 முதல் 6 மில்லிகிராம் போன்ற குறைந்த அடர்த்தியே பொருத்தம்.

உங்கள் நண்பர் கொடுத்தது இரண்டாம் வகை. பதினைந்து சிகரெட் பிடித்தவருக்கு அதில் 3 மில்லிகிராம் போதவில்லை; அதை ஈடுகட்ட நாள் முழுக்க ஆவியை நுரையீரல் நிறைய இழுத்தீர்கள்; தொண்டை வறண்டு இருமல் வந்தது. பிறகு, சிறிய பாட் கருவிகளுக்கென்று தயாரிக்கப்பட்ட 50 மில்லிகிராம் நிகோடின் சால்ட் திரவத்தை இந்தப் பெரிய கருவியில் ஊற்றினீர்கள். நிகோடின் சால்ட் என்பது அமிலம் சேர்த்துத் தொண்டைக் கரகரப்பைக் குறைத்த நிகோடின். சாதாரண நிகோடின் அந்த அடர்த்தியில் தொண்டையைக் கிழித்து உங்களை நிறுத்தியிருக்கும். சால்ட் அப்படி எச்சரிக்காது. அன்று உங்களுக்கு வந்த தலைசுற்றல், குமட்டல், வியர்வை, படபடப்பு நான்கும் நிகோடின் மிகைப்பட்டதன் பாடநூல் அறிகுறிகள். நிறுத்தியது சரியான முடிவு. அந்தத் திரவத்தை இனி அந்தக் கருவியில் ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

நான் சொல்வது இதுதான். அந்தப் பெரிய கருவியை நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் நாட்டில் முறைப்படி பதிவு செய்யப்பட்டு விற்கப்படும் எளிய பாட் கருவி ஒன்றை, அதற்கென்றே பரிந்துரைக்கப்பட்ட திரவத்தோடு பயன்படுத்துங்கள். ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் திரவத்தில் அனுமதிக்கும் உச்சவரம்பு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம். உங்கள் அளவுக்குப் புகைத்தவர்களுக்கு அந்த உச்சவரம்பை ஒட்டிய அடர்த்தியில் தொடங்குவதே பெரும்பாலும் பலனளிக்கிறது. இரத்த அழுத்தம் இருப்பதால், தொடங்கும் அளவை உங்கள் மருத்துவரோடு பேசித் தீர்மானியுங்கள். திரவத்தின் கலவையையும் பார்த்து வாங்க வேண்டும். திரவத்தின் அடிப்படைப் பொருட்களான புரோப்பிலீன் கிளைகாலும் கிளிசரினும் சம அளவில் உள்ள திரவம் பாட் கருவிக்கு ஏற்றது. கிளிசரின் மிகுந்த கெட்டியான திரவம் சிறிய காயிலின் பஞ்சுக்குள் வேகமாக ஊறாது. பஞ்சு காய்ந்து கருகும்.

இழுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது

சிகரெட்டை நாம் வெடுக்கென்று இழுத்துப் பழகியிருக்கிறோம். வேப்பை அப்படி இழுத்தால் காயில் சூடேறுவதற்குள் இழுப்பு முடிந்துவிடும். சில கருவிகளில் திரவத் துளிகளே வாய்க்கு வந்துவிடும். மெதுவாக, மூன்று நான்கு விநாடி நீளமாக இழுக்க வேண்டும். சிகரெட் புகையின் நிகோடின் பத்து முதல் இருபது விநாடிக்குள் மூளையை எட்டுகிறது. வேப்பில், குறிப்பாகப் புதியவர்களுக்கு, அந்த வேகம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. எனவே முதல் இரண்டு இழுப்பிலேயே ஒன்றும் நடக்கவில்லை என்று சிகரெட்டுக்குக் கையை நீட்டாமல் சில நிமிடம் பொறுத்திருங்கள். அதேபோல, தவிப்பு உச்சத்துக்கு ஏறும்வரை கருவியைத் தொடாமல் வைராக்கியம் காப்பதும் வேண்டாம். முதல் சில வாரங்களில் காலையில் எழுந்தவுடனும், சாப்பாடு முடிந்தவுடனும், அதாவது அந்த ஐந்து சிகரெட்டும் உட்கார்ந்திருக்கும் இடங்களில், தவிப்பு எழுவதற்கு முன்பே பயன்படுத்துங்கள்.

தீய்ந்த சுவை வருகிறது என்று தெரிந்தும் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இதை இன்றே நிறுத்த வேண்டும். காய்ந்த பஞ்சு கருகும்போது ஃபார்மால்டிஹைடு, அக்ரோலீன் போன்ற எரிச்சலூட்டும் நச்சுகள் உண்டாகின்றன. கருகிய காயில் எதைச் செய்தாலும் பழைய நிலைக்கு வராது, மாற்றத்தான் வேண்டும். புதுக் காயிலைப் பொருத்தியதும் பஞ்சில் சில துளி திரவம் விட்டு, திரவம் நிற்கும் டேங்கை நிரப்பி, பத்து நிமிடமாவது ஊற விட்ட பிறகே முதல் இழுப்பு. காயிலின் மேலே அச்சிட்டிருக்கும் வாட் அளவைத் தாண்டக் கூடாது. டேங்க் அடிமட்டம் வரை வற்றுமுன் நிரப்பிவிட வேண்டும்.

மீதமிருக்கும் ஐந்து சிகரெட்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது இந்தப் பகுதிதான். பதினைந்து ஐந்தானதில் உங்களுக்கு ஒரு நிம்மதி தெரிகிறது. குறைத்ததற்கான உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஆபத்து சிகரெட்டின் எண்ணிக்கையோடு நேர்க்கணக்கில் இறங்குவதில்லை. 141 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான பகுப்பாய்வு ஒன்று, நாளொன்றுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிக்கும் ஆணுக்குக்கூட, இருபது பிடிப்பவருக்கு உள்ள கூடுதல் மாரடைப்பு ஆபத்தில் ஏறத்தாழ பாதி இருப்பதைக் காட்டியது. இருபதில் ஒரு பங்கு புகைத்தால் ஆபத்து இருபதில் ஒரு பங்காகும் என்றுதான் யாரும் நினைப்போம். இதயமும் இரத்தக்குழாய்களும் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. மிகச் சிறிய அளவு புகையே இரத்தத் தட்டணுக்களை ஒட்டிக்கொள்ளச் செய்யவும், இரத்தக்குழாயின் உட்சுவரைப் பாதிக்கவும் போதும். உங்களுக்கோ ஏற்கெனவே இரத்த அழுத்தம் இருக்கிறது. ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில், கொள்ள முடியாது என்பதுதான்.

நுரையீரல் புற்றுநோயைப் பொறுத்தவரை எண்ணிக்கையைக் குறைப்பதில் ஓரளவு பயன் உண்டு. ஆனால் அங்கே எத்தனை ஆண்டுகள் புகைத்தோம் என்பது மிகுந்த எடை கொண்டது. ஐந்து சிகரெட்டோடு இன்னும் பத்தாண்டு போனால் அந்தப் பத்தாண்டும் கணக்கில் ஏறும். போதாததற்கு, எண்ணிக்கையைக் குறைத்தவர்கள் தம்மை அறியாமலே ஒவ்வொரு சிகரெட்டையும் இன்னும் ஆழமாக, இன்னும் கடைசிவரை இழுக்கிறார்கள். உங்கள் ஐந்து, பழைய ஐந்துக்குச் சமமாக இராது.

வேப்பும் சிகரெட்டும் சேர்ந்து நடக்கும் காலம் மாறும்போது பலருக்கும் வருவதுதான்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது நிரந்தரக் குடியிருப்பாகிவிடக் கூடாது. பொருத்தமான கருவியும் திரவமும் கைக்கு வந்த ஒரு வாரத்துக்குள் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, ஐந்தையும் ஒரேயடியாக விடுங்கள். ஐந்து நான்காகி, நான்கு மூன்றாகி என்று படிப்படியாக இறங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது: எண்ணிக்கை குறையக் குறைய, மிஞ்சும் சிகரெட் ஒவ்வொன்றும் அன்றைய நாளின் பரிசாக மாறி, விடுவதற்கு மேலும் கடினமாகிவிடுகிறது. குறித்த நாளுக்கு முந்தைய இரவே வீட்டிலும் வண்டியிலும் உள்ள பெட்டி, லைட்டர், சாம்பல் கிண்ணம் அனைத்தையும் அகற்றிவிடுங்கள்.

தூக்கமின்மைக்குக் காரணம் காபியாகவும் இருக்கலாம்

நாளுக்கு ஆறு காபி குடிப்பதாகப் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இதை நோயாளிகளிடம் யாரும் சொல்வதில்லை என்பது என் நீண்ட நாள் வருத்தம். சிகரெட் புகையில் உள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலின் ஒரு நொதியைத் தூண்டிவிட்டு, காஃபினை வேகமாகச் சிதைக்க வைக்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் தணிந்துவிடும். அதே ஆறு காபி உடலில் ஏறத்தாழ இரு மடங்கு காஃபினாகத் தங்கும். தூக்கம் கெடும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். வேப்பில் தார் இல்லை என்பதால் அது இந்த நொதியைத் தூண்டாது. வேப்புக்கு மாறிய பலர் இந்தப் படபடப்பை வேப்பின் கேடு என்று எண்ணிச் சிகரெட்டுக்கு ஓடிவிடுகிறார்கள். ஐந்து சிகரெட்டையும் விடும் வாரத்தில் காபியைப் பாதியாக்குங்கள்; பிற்பகலுக்குப் பிறகு வேண்டாம். படுக்கைக்குப் போவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் வேப்பையும் தொடாதீர்கள். நிகோடினும் தூக்கத்தைக் கெடுக்கும்.

இதே நொதிதான் சில மருந்துகளையும் சிதைக்கிறது. ஆஸ்துமாவுக்குத் தரப்படும் தியோஃபிலின், மனநல சிகிச்சையில் தரப்படும் க்ளோசபின், ஒலான்சபின் ஆகியவற்றை எடுத்துக்கொள்பவர்கள் புகைப்பதை நிறுத்தும்போது, மருந்தின் அளவை மருத்துவர் குறைக்க வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் இரத்தத்தில் அது நச்சளவுக்கு ஏறக்கூடும். இரத்த அழுத்த மாத்திரைகளில் புரோப்ரனலாலுக்கும் இந்தத் தொடர்பு உண்டு. உங்கள் மாத்திரையின் பெயரைக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும், புகைப்பதை நிறுத்தப் போகும் நாளை உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நுரையீரலில் நீர் கோக்கிறதா?

இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால், வேப்பிலிருந்து வருவது வெறும் நீராவி என்ற எண்ணம் இருக்கிறது. அதைத் திருத்தியாக வேண்டும். வெளிவருவது கிளைகால், கிளிசரின், நிகோடின், நறுமணப் பொருட்கள் கலந்த நுண்துளிகள். கிளைகால் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. அதனால்தான் தொண்டையும் வாயும் வறண்டு இருமல் வருகிறது. அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். சிகரெட்டை விட்ட முதல் வாரங்களில் வேறொரு காரணத்தாலும் இருமல் கூடலாம்: புகையால் முடங்கியிருந்த மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் மீண்டும் அசைந்து சளியை வெளியே தள்ளத் தொடங்கும். எனினும் 22 ஆண்டு புகைத்தவரின் இருமலை ஊகத்தால் மட்டும் விளக்கிவிட்டு நகர எனக்கு மனமில்லை. மூன்று வாரத்துக்கு மேல் நீடித்திருப்பதால் மார்பு எக்ஸ்ரேயும் ஸ்பைரோமெட்ரி என்னும் மூச்சுத்திறன் சோதனையும் செய்துகொள்ளுங்கள். சளியில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, படிப்படியாகக் கூடும் மூச்சிரைப்பு ஆகியவை தென்பட்டால் தள்ளிப்போடவே கூடாது.

2019-இல் அமெரிக்காவில் வேப்பிங் செய்தவர்களிடையே பரவிய கடும் நுரையீரல் பாதிப்பைப் பற்றிப் படித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். 2020 பிப்ரவரி வரை அங்கே 2,807 பேர் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்ந்ததாகவோ இறந்ததாகவோ பதிவானது. 68 மரணங்கள் உறுதி செய்யப்பட்டன. கஞ்சாவின் போதைப்பொருள் கலந்த, பெரும்பாலும் முறைசாரா வழிகளில் வாங்கிய திரவங்களில் சேர்க்கப்பட்டிருந்த வைட்டமின் ஈ அசிடேட் என்னும் எண்ணெய்ப் பொருளே அதற்கு வலுவான காரணம் என்று கண்டறியப்பட்டது. நமக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் தெளிவானது: யாரோ கலந்து கொடுத்த திரவம், லேபிள் இல்லாத பாட்டில், எண்ணெய் சேர்ந்த எதுவும் நுரையீரலுக்குள் போகக் கூடாது. உங்கள் நண்பர் கொடுத்த 50 மில்லிகிராம் திரவம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை என்கிறீர்கள். அதை இனிப் பயன்படுத்தாதீர்கள்.

குழந்தையும் பயணமும்

அந்தப் பாட்டிலைக் கட்டிலருகிலிருந்து இப்போதே எடுத்துவிடுங்கள். மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் என்றால், பத்து மில்லிலிட்டர் பாட்டிலில் 500 மில்லிகிராம் நிகோடின் இருக்கிறது. பழவாசனையும் இனிப்புமாக வேறு இருக்கிறது. ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு மிடறே பேராபத்தாகலாம். பூட்டிய அலமாரியில், குழந்தை திறக்க முடியாத மூடியுள்ள பாட்டிலில் மட்டும் வையுங்கள். தோலில் பட்டால் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். குழந்தை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் எழுந்தாலே, வாந்தி எடுக்க வைக்க முயலாமல், பாட்டிலோடு உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். குழந்தை இருக்கும் அறையில் வேப் செய்வதையும் விட்டுவிடுங்கள். கழற்றி மாற்றும் பேட்டரி இருந்தால், சாவியும் நாணயமும் கிடக்கும் சட்டைப்பையில் அதைப் போடக் கூடாது. உலோகம் இரு முனையையும் தொட்டால் தீப்பிடிக்கும்.

பயணத்தைப் பற்றி: இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் தடைச் சட்டம் இ-சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, இருப்பு, விளம்பரம் ஆகிய அனைத்தையும் தடுக்கிறது. சிங்கப்பூரில் 2018 முதல் அதை வாங்குவதும் பயன்படுத்துவதும் கையில் வைத்திருப்பதுமே குற்றம். நீங்கள் வசிக்கும் நாட்டில் சட்டப்படி வாங்கியது என்பது இன்னொரு நாட்டில் உங்களுக்கு உரிமை எதையும் தராது. போகும் நாட்டிலோ விமானம் மாறும் நாட்டிலோ தடை இருந்தால் கருவியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அந்த நாட்களுக்கு நிகோடின் பேட்ச்சையும் சூயிங்கத்தையும் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டால், விமான நிலைய வாசலில் சிகரெட் தேட வேண்டிய நிலை வராது.

சூயிங்கம் என்றதும் உங்களுக்குப் பழைய நெஞ்செரிச்சல் நினைவுக்கு வரும். அதைச் சாதாரணச் சூயிங்கம் போல ஓயாமல் மென்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய், விக்கலும் எரிச்சலும்தான் வரும். காரச்சுவை தெரியும்வரை சில முறை மட்டும் மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். சுவை மங்கியதும் மறுபடி சில முறை மெல்ல வேண்டும். அரை மணி நேரம் இப்படி. அந்த நேரத்தில் காபி குடித்தால் வாயில் நிகோடின் சரியாக உறிஞ்சப்படாது. பேட்ச்சோடு சேர்த்துப் பயன்படுத்தினால் தனித்தனியாகப் பயன்படுத்துவதைவிடப் பலன் கூடுதல்.

இது எப்போது முடியும்?

2019-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், ஆலோசனையோடு இ-சிகரெட் பயன்படுத்தியவர்களில் 18 சதவீதம் பேரும், பேட்ச், சூயிங்கம் போன்றவற்றைப் பயன்படுத்தியவர்களில் 9.9 சதவீதம் பேரும் ஓராண்டு முடிவில் புகைக்காமல் இருந்தார்கள். நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் அதே ஆய்வின் இன்னொரு எண்ணையும் சொல்வது என் கடமை: இ-சிகரெட்டால் விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பின்னும் இ-சிகரெட்டிலேயே இருந்தார்கள், மற்ற பிரிவில் மருந்தைத் தொடர்ந்தவர்கள் 9 சதவீதமே. பல பத்தாண்டுகள் வேப்பிங் செய்தவர்களின் உடல்நிலையைச் சொல்லும் ஆய்வு உலகில் இன்னும் இல்லை. அவ்வளவு காலம் அது புழக்கத்தில் இருந்ததே இல்லை. எனவே வேப்பையும் விட வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. அவசரம் மட்டும் வேண்டாம்.

சிகரெட் இல்லாத மூன்று மாதங்கள் உறுதியாகக் கடந்த பிறகு, நிகோடின் அடர்த்தியை ஒரு படி இறக்குங்கள். இறக்கியதும் இழுப்பின் எண்ணிக்கை தாறுமாறாகக் கூடினாலோ, சிகரெட் நினைவு திரும்பினாலோ, வெட்கப்படாமல் பழைய அளவுக்கே ஏறி மேலும் சில வாரம் இருங்கள். முதலில் வீட்டுக்குள், பிறகு வண்டியில் என்று வேப் செய்யும் இடங்களையும் ஒவ்வொன்றாகச் சுருக்கலாம். இந்த வழியில் இரண்டு மூன்று வாரத்திலேயே சிகரெட் மீண்டும் தலைகாட்டினால், வரெனிக்ளின் அல்லது சைட்டிசின் உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வரெனிக்ளின் வழக்கமாகப் பன்னிரண்டு வாரம் எடுத்துக்கொள்ள வேண்டியது. சிகரெட் தரும் திருப்தியையே அது மங்கச் செய்வதால், சாப்பாட்டுக்குப் பின் வரும் அந்தத் தவிப்பு பலருக்கு அதில் தணிகிறது.

குறித்த நாளுக்குப் பிறகு எங்கோ ஒரு விருந்தில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டால், எல்லாம் போயிற்று என்று பெட்டி வாங்கிவிடாதீர்கள். அடுத்த நாளுக்கென்று தள்ளிப்போடாமல் அடுத்த மணி நேரத்திலேயே வேப்புக்குத் திரும்புங்கள். எந்த இடத்தில், யாரோடு இருந்தபோது, கடைசி இழுப்புக்கு எவ்வளவு நேரம் கழித்து அது நடந்தது என்பதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்தக் குறிப்பை அவரிடம் காட்டினால், மருந்தின் அளவை எங்கே கூட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.